எப்சியின் வலது கை

"இந்தக் கையோடயா வந்து நிக்கப் போற? நாலு மணிக்கு அவங்க வாராவட்டி!"

டெபோரா தலையில் அடித்துக்கொண்டாள். மகள் எப்சியின் வலது கை, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை கன்னங்கரேலென்று இருந்தது.

முந்தின நாள்தான் தேர்தல். பள்ளி ஆசிரியை எப்சிக்கு ஓட்டுச்சாவடியில் விரலில் மை வைக்கும் வேலை. ஒரு பெரியவரின் கைத்தடி பட்டு மேஜை ஆட, சாய்ந்த மைக்குப்பியைப் பாய்ந்து பிடித்தாள். பாதி மை பிழைத்தது. கையும் சேலை முந்தானையும் பிழைக்கவில்லை.

"அது பாட்டுக்கு விழட்டும்னு விட்டிருக்கலாம்லா?"

"வரிசையில இன்னும் நூறு பேரு நின்னாவ. அவங்களுக்கு என்னத்தம்மா வைக்க?"

எப்சிக்கு முப்பத்தொரு வயது. மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இன்றைக்கு வருவது வண்ணார்பேட்டை எஸ்றா சார் குடும்பம். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் மனைவி கிரேஸ், நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார் என்று ஊரே சொல்லும். பையன் ஹெப்ரானுக்குக் கூடங்குளத்தில் வேலை. பையனின் போட்டோவை எப்சி இரண்டு தடவை பார்த்ததை டெபோரா கவனித்திருந்தாள். அதனால்தான் இந்தப் பதற்றம்.

வைத்தியம் ஆரம்பமானது. எலுமிச்சம்பழம், உப்பு, பற்பசை, கைகழுவும் சானிடைசர், நகப்பூச்சு அழிக்கிற திரவம். ஒவ்வொன்றையும் முதலில் தன் விரலில் இருந்த ஓட்டு மையில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மகள் கையில் தேய்த்தாள் டெபோரா. இரண்டும் அசையவில்லை. மைக்கறைக்குப் பால் நல்லது என்று எங்கோ படித்த ஞாபகத்தில், வீட்டிலிருந்த இரண்டு பாக்கெட் பாலிலும் சேலையை ஊறப் போட்டாள். பால் கறுத்ததுதான் மிச்சம்.

அப்பா ஞானசிகாமணி தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார்.

"உப்பைத் தடவி வெயில்ல காட்டுவோம். வேட்டியே வெளுக்கு, கை வெளுக்காதா?"

இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காத எப்சி மொட்டைமாடி நாற்காலியில் அப்படியே கண்ணயர்ந்தாள். அவள் கையைப் பாளையங்கோட்டை வெயிலுக்கு வாகாக எடுத்து வைத்துவிட்டு, அப்பா குடை பிடித்தார். தனக்கு.

அரைமணி நேரத்தில் கை தோசைக்கல்லாகிவிட்டது.

"எப்பா! இந்த மை வெயில் படப் படக் கறுக்கும். நானே பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்!"

"என்கிட்ட சொல்லலியே?" என்றார் அவர்.

"காப்பி குடுத்தா இவ கை தெரியத்தான் செய்யும். காப்பித் தட்டை நீங்களே கொண்டு போங்க" என்றாள் டெபோரா.

"ஏன், அவங்க என்னையா பாக்க வாராவ?"

சரியாக நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். கிரேஸ் நாற்காலியைத் தடவிப் பார்த்தார். பெரிய பரிசோதனை அது. நாற்காலி தேறிவிட்டது.

எப்சி காப்பியை நீட்டினாள். இடது கையால் கொடுத்தால் மரியாதையில்லை. வலது கைதான் வந்தது.

"எம்மாடி! என்னது இது?" கிரேஸ் தம்ளரைத் தொடவில்லை.

எப்சி நடந்ததைச் சொன்னாள். ஹெப்ரான் மட்டும் தம்ளரை எடுத்துக்கொண்டான்.

"வேலைன்னா ஒரு பதனம் வேண்டாமா?" என்றார் கிரேஸ். "எங்க வீட்ல கறைன்னு ஒரு பொட்டு பாக்க முடியாது. இதுல கடுங்காப்பி வேற!"

"பாலு... சேலைக்குப் போயிட்டு மதினி" என்று டெபோரா முனகினாள்.

எஸ்றா சார் தொண்டையைச் செருமினார். "எங்க குடும்பத்துல கடமையும் சுத்தமும் ரெண்டு கண்ணு மாதிரி. கை சரியாகட்டும், பொறவு பாத்துக்கிடலாம். ஜெபம் பண்ணிட்டுக் கிளம்புவோம்."

பொறவு என்றால் என்ன அர்த்தம் என்று டெபோராவுக்குத் தெரியும். ஏற்கெனவே மூன்று முறை கேட்டிருக்கிறாள். எப்சி கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

எல்லோரும் கைகூப்பிக் கண்ணை மூடினார்கள். எஸ்றா சார் உருகி உருகி ஜெபித்தார்.

"ஆண்டவரே, இந்தத் தேர்தலிலே தேசத்து ஜனங்கள் தங்கள் கடமையைத் தவறாமல் செய்யக் கிருபை பாராட்டினீரே, ஸ்தோத்திரம்!"

கண்ணீர் முட்டியதால் டெபோராவால் கண்ணை மூட முடியவில்லை. எதிரே எஸ்றா சார் கூப்பியிருந்த கைகள் தெரிந்தன. பக்கத்தில் கிரேஸின் கைகள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவளின் முகம் மெல்ல மலர்ந்தது.

ஆமென் சொன்னதுதான் தாமதம்.

"மதினி! நேத்து வச்ச மை உங்க ரெண்டு பேரு விரல்லயும் பொட்டுக்கூட இல்லியே! காலையிலேருந்து நான் படாத பாடு படுதேன். எதைத் தேய்ச்சு அழிச்சிய? எங்களுக்கும் சொல்லப்படாதா?"

குத்தலாக இல்லை, அவள் கேட்டது நிஜமாகவே மையழிக்கும் மருந்துதான்.

எஸ்றா சார் மின்விசிறியைப் பார்த்தார். கிரேஸின் இடது கை கைப்பைக்குள் எதையோ தேடப் போனது.

"இவங்க ஒண்ணும் தேய்க்கல அத்தை" என்றான் ஹெப்ரான். "வெயில் தாங்கலன்னு மூணு நாளா கொடைக்கானல்ல இருந்தாவ. இன்னைக்குக் காலையிலதான் வந்தாவ."

அவன் தன் இடது கையை நீட்டினான். விரலில் கறுப்புக் கோடு பளிச்சென்று இருந்தது.

"நம்ம வீட்ல கறைபட்ட விரல் என்னுது ஒண்ணுதான்மா. எனக்குத் துணைக்கு ஒரு ஆளு வேண்டாமா?"

எப்சி முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். கிரேஸ் தம்ளரை எடுத்துக் கடுங்காப்பியைக் குடிக்க ஆரம்பித்தார்.