குண்டு பேட்டரிக் குழல்

டார்ச்சில் குண்டு பேட்டரிக்குப் பதிலாகப் பென்சில் பேட்டரியைப் போடுவதற்கென்றே செய்த பித்தளைக் குழல் ஒன்று கடை அலமாரியில் கிடந்தது. பாராட்டுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. வருகிறவர்களெல்லாம் அதைக் கையில் எடுத்து, "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு, இது மாதிரி வராதுப்பா" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த பென்சில் பேட்டரிகளை வாங்கிக்கொண்டு போனார்கள்.

"என்னை எல்லாருக்கும் பிடிச்சிருக்கு" என்றது குழல். பதில் சொல்ல அங்கே ஒரு பென்சில் பேட்டரிகூட மிச்சமில்லை.

கம்பெனி ஒருநாள் இந்தக் குழல் செய்வதையே நிறுத்திவிட்டது. செய்தி கேட்டு ஒருவர் ஓடிவந்தார். "நல்லவேளை, இதாவது கிடைச்சுதே!" என்று குழலை வாங்கி நெஞ்சோடு சேர்த்து எடுத்துப் போனார். குழலுக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் அவர் அதை உறைகூடப் பிரிக்காமல் மேசை டிராயருக்குள் வைத்தார். மேசைமேல் அவருடைய டார்ச் இருந்தது. அதில் இதே போன்ற பழைய குழல் ஒன்று மாட்டியிருந்தது.

"அண்ணே, என்னை எப்ப மாட்டுவாரு?"

"நான் தேஞ்சு போனதும்."

"நீங்க எப்ப தேய்வீங்க?"

பழைய குழல் பெருமையாகச் சிரித்தது. "இத்தனை வருஷத்துல ஒரு கீறல் விழுந்திருக்கா பாரு தம்பி. நம்மளை அப்படிச் செஞ்சிருக்காங்க."

அவர் டிராயரை மூடினார்.