ஒற்றைக் கயிறு

ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தார் லைன் சூப்பர்வைசர் குருமூர்த்தி. வேலைக்குப் போகாத இந்த எட்டு மாதத்தில் சுரேந்தர் தன் வீட்டு வாசலிலேயே ஒரு பிளைவுட் படகு செய்திருந்தான். பாய் கட்டுவதுதான் பாக்கி.

"பாரூர் ஏரியில உடறதுக்கு எதுக்குப்பா இந்தப் பழங்காலத்துப் பாய்? குட்டைப் பாய்மரம், அதுல சாய்வா ஒரு மூங்கில். இந்தப் படத்தைப் பாரு. உயரமா அலுமினியக் கம்பம், ரெண்டு பாய். சும்மா பறக்கும்" என்று கையிலிருந்த தாளை விரித்துக் காட்டினார் குருமூர்த்தி.

"வேகமெல்லாம் போதும் சார்." சுரேந்தர் கயிற்று முனையைப் பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினான். "இதுல ஒரே கயிறு. காத்து மிஞ்சிப்போனா கயித்தை உட்டா போதும், பாய் தளர்ந்து படகு நின்னுடும். அந்தக் காலத்து ஆளுங்க யோசிச்சுத்தான் பண்ணியிருக்காங்க."

"புதுசுல என்ன கஷ்டம்?"

"ரெண்டு பாய்க்கு ரெண்டு கயிறு. ரெண்டையும் கையிலயே வெச்சிருக்கணும்."

"இது ஒரு விஷயமா? ஒண்ணைக் கட்டி வெச்சிடு. இன்னொண்ணை மட்டும் பிடி."

சுரேந்தர் அலுப்போடு நிமிர்ந்தான்.

"பிரஸ் மெஷின்லயும் இதையேதான் சார் சொன்னீங்க. ரெண்டு கையாலயும் அழுத்த வேண்டிய ரெண்டு பட்டன்ல ஒண்ணை டேப் போட்டு ஒட்டிடு, டார்கெட் முடிஞ்சிடும்னு."

குருமூர்த்தி படத்தை மெல்ல மடித்தார்.

"உடுங்க சார். இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்று, மிச்சமிருந்த ஒரு கையால் கயிற்றை நீட்டினான் சுரேந்தர்.