இடது காலுக்கு ஜோடி

பொழுதுபோக்காகத் தோல் வேலை பழகிய தணிகைவேல், பாத அளவுக்கு நறுக்கிய அட்டையைத் தோல்மேல் வைத்துச் செருப்புக்கு வெட்டினான். முதல் துண்டு தன் ஜோடிக்காக மேஜையில் ஆசையோடு காத்திருந்தது. இரண்டாவது துண்டு பக்கத்தில் வந்து விழுந்தது.

"ஐயய்யோ! நீயும் இடது காலா?"

"நான் சரியாத்தான் இருக்கேன். நீதான் வலதா வந்திருக்கணும்!"

"முதல்ல வந்தவன் நான். நீ மாறு!"

தணிகைவேலும் திகைத்துப்போய் இரண்டையும் பார்த்தான். "சே, தோலே சரியில்லை" என்று, ஆசையாகப் பொத்திவைத்திருந்த உயர்ந்த தோலை விரித்தான். அதே அட்டையை அதே பக்கமாக வைத்தான்.

துண்டுகள் சண்டையை மறந்து அலறின: "யோவ், அட்டையைத் திருப்பிப் போடுய்யா!"

"நானும் காலையிலேருந்து அதைத்தான் கத்துறேன்" என்றது அட்டை.

கத்தி இறங்கியது. புதுத் துண்டு மினுமினுப்பாக வந்து விழுந்து, சுற்றிலும் பார்த்தது.

"எங்கே என் வலது?"