முப்பது வயதுக்குள்

வளர்ந்துவரும் கலைஞர்கள் முப்பது பேரின் முகங்களைப் படமெடுத்துப் புத்தகமாக்கிக்கொண்டிருந்தார் புகைப்படக்காரர். பதிப்பகம் போட்ட ஒரே நிபந்தனை, எவருக்கும் வயது முப்பதைத் தாண்டியிருக்கக் கூடாது.

இன்று கேமரா முன் உட்கார்ந்திருந்த ஓவியப் பெண் தன் வயதை இருபத்தொன்பது என்று எழுதிக் கொடுத்திருந்தாள். உண்மையில் அவளுக்கு முப்பத்தெட்டு. இதில் முகம் வந்தால்தான் அவளுடைய ஓவியங்களை யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் நிமிர்ந்தார்.

“புருவத்துக்கு மேல என்னங்க தழும்பு?”

“ஏழாங்கிளாஸ் படிக்கும்போது ஸ்கூல் மாடிப்படியில உருண்டுட்டேன்.”

“எந்த வருஷம்?”

மனக்கணக்காக ஒன்பது வருடத்தைக் கூட்டிச் சொன்னாள்.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“பொய்.”

“சார், தயவுசெஞ்சு என்னைப் புத்தகத்துலேர்ந்து தூக்கிடாதீங்க!”

“அன்னைக்கு உன்னைத் தள்ளிவிட்டதே நான்தான், கொரங்கே! உனக்குப் பின் பெஞ்ச்.”

அவள் அந்தத் தாடிக்குள் பழைய முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

“அடப்பாவி, நீயா! அப்ப உனக்கும் முப்பத்தெட்டுதானே?”

“மெதுவாப் பேசு தாயே,” என்றான் அவன். “அந்த முப்பது பேர்ல கடைசி ஆள் நான்தான்.”