தோசை நேரத்து ஆங்கிலம்

அவள் அட்டையை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கணவன் மனைவிக்குள் பேச்சில்லை. ஆனால் வரும் சனிக்கிழமை அவளுக்கு ஆங்கிலத் தேர்வு. தேறினால் அயர்லாந்தில் நர்ஸ் வேலை.

அதனால் காலைச் சாப்பாட்டின்போது மட்டும் பேச்சு உண்டு. ஆங்கிலத்தில்.

கோச்சிங் சென்டரில் சொன்ன பழக்கம். தினம் ஒரு கடினமான சொல். அட்டையில் எழுதிய அந்தச் சொல்லை வைத்து ஒருவர் வாக்கியம் சொல்ல, மற்றவர் கேள்வி கேட்க வேண்டும். நடுவில் தமிழ் பேசினால் பேசியவர் பாத்திரம் கழுவ வேண்டும். இந்தக் கடைசி விதி இவர்களாகச் சேர்த்துக்கொண்டது. அப்போது சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆங்கிலம் ஒருவகையில் வசதி. அதில் அவனுக்குக் கத்தத் தெரியாது.

தமிழில் தெரியும்.

"பெத்த பிள்ளைய விட்டுட்டுப் போறவளுக்கு அது அழுதா என்ன, சிரிச்சா என்ன?"

ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னது. அவன் அம்மா முன்னால். முதல் வருடம் குழந்தை அந்த அம்மாவிடம்தான் வளரப்போகிறது. இவள் அயர்லாந்தில் வீடு பார்த்து, அவனையும் குழந்தையையும் கூப்பிட்டுக்கொள்ளும் வரை. சேர்ந்து எடுத்த முடிவு.

அதன்பிறகு ஒரு சொல்கூட அவள் மண்டையில் ஏறவில்லை. தேர்வுக்குப் போவதா என்றே தெரியவில்லை.

அவன் அட்டையைத் திருப்பினான்.

ரிமோர்ஸ்.

கீழே அவள் கையெழுத்தில் பொருள்: செய்ததை நினைத்து உள்ளுக்குள் நோவது.

அவள் தேடி எடுக்கவில்லை. அடுக்கில் மேலாக இருந்தது, அவ்வளவுதான்.

அவன் வாக்கியங்களில் எப்போதும் ஒரு திருடன் வருவான். இல்லையென்றால் ஒரு மந்திரி. இந்தச் சொல்லுக்குத் திருடன் சரியாக இருப்பான். அவள் திருடனுக்காகக் காத்திருந்தாள்.

அவன் தோசையைப் பிய்த்தான். வாயில் வைக்கவில்லை.

ஒரு நர்ஸின் கணவன், ஞாயிற்றுக்கிழமை பேசிய பேச்சுக்காக ரிமோர்ஸில் இருக்கிறான் என்றான். ஆங்கிலத்தில். பாடப்புத்தகத்தில் வரும் யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோல.

அடுத்து அவள் கேட்க வேண்டும்.

அந்த நர்ஸ் தேர்வுக்குப் போகலாமா என்று கேட்டாள். அவளும் ஆங்கிலத்தில்தான்.

போக வேண்டும் என்றான். அவள் போவதே பிள்ளைக்காகத்தான், அது அந்தக் கணவனுக்குத் தெரியும் என்றான். அம்மாவிடமும் அதையே சொல்லிவிட்டான் என்றான். அதற்கு மேல் சொற்கள் கிடைக்காமல் கையை மட்டும் அசைத்தான்.

அவளுக்குப் பசித்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான்.

"அது ஆறிப்போச்சு. வேற ஊத்தட்டுமா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. தமிழ்.

அவன் தலையாட்டினான்.

அடுப்பைப் பற்றவைத்தாள். அவன் காத்திருந்து சாப்பிட்டான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரையும் உட்கார்ந்திருந்தான்.

பிறகு இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு அவன் குழாயடிக்குப் போனான்.