முதல் வாசகர்

அவள் இன்னும் திறந்தே பார்க்காத மின்னஞ்சல், படித்தாகிவிட்டதாகக் கிடந்தது.

நிருபர் திரையை மறுபடி உற்றுப் பார்த்தாள். காதோரம் கைப்பேசியில் ஒரு மருத்துவமனையின் நர்ஸ் காத்திருந்தாள்.

"அக்கா, அந்தக் காலாவதி மருந்து ரசீதையெல்லாம் உங்க ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பட்டுமா? என் பேர் வெளியே வந்தா உயிரோட விடமாட்டாங்க."

"அனுப்பாதே! நான் சொல்ற வரைக்கும் எதையும் அனுப்பாதே."

அந்த மருத்துவமனையைப் பற்றிய முதல் கட்டுரை வெளியானதிலிருந்து ஒரு மிரட்டல்கூட வரவில்லை. "உனக்கு மச்சம்டி" என்றார்கள் தோழிகள். அவளுக்கோ அந்த அமைதிமேல்தான் சந்தேகம்.

இப்போது புரிந்தது. உள்ளேயே ஆள் வைத்திருப்பவன் எதற்கு மிரட்ட வேண்டும்?

கணினிப் பிரிவுக்கு ஓடினாள்.

"உங்க மெயில் இன்னொரு கம்ப்யூட்டர்லயும் திறந்திருக்கு மேடம்... துணை ஆசிரியர் சார் மேசையில."

அவரா! ஆபீசில் அவருக்குக் 'கத்திரி' என்று பெயர். அவள் எழுதியதில் பாதியைக் கொன்றுவிட்டுத்தான் டீயே குடிப்பார்.

நேரே போய் நின்றாள். "என் மெயிலைப் படிக்கிறீங்களா சார்?"

அவர் சட்டென்று உடம்பால் திரையை மறைத்தார். "போய் வேலையைப் பாரும்மா."

"அந்த ஆஸ்பத்திரிக்காரன்கிட்ட எவ்வளவுக்கு விலை போனீங்க?"

மொத்த ஆபீசும் திரும்பிப் பார்த்தது.

"பார்க்காதேம்மா, வேண்டாம்..."

தள்ளிவிட்டுப் பார்த்தாள்.

அவள் பெயருக்கு வந்த மெயில்கள், படங்களோடு. அவள் வீட்டு வாசல். கடைத்தெருவில் போகும் அவள் முதுகு. கீழே, கூசவைக்கும் வார்த்தைகள். எப்படிக் கொல்வோம் என்று விவரம் வேறு. திரையை நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் வக்கீல்கிட்ட போயிருக்கு. போலீஸ்லயும் புகார் இருக்கு. உன் பின்னாடியே நம்ம ஆபீஸ் வண்டி ஒண்ணு வந்துட்டுதான் இருக்கு," என்றார் அறையிலிருந்து ஓடி வந்த ஆசிரியர். "என்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் இவர் உன் மெயிலை முதல்ல படிச்சு, மிரட்டலையெல்லாம் உன் கண்ணுல படாம எடுத்துடறார்."

அவள் கத்திரியை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"என்கிட்ட ஏன் சார் சொல்லலை?"

"இதைப் படிக்க ஆரம்பிச்சதிலிருந்து நான் விளக்கை அணைச்சுத் தூங்கினதில்லை," என்றார் அவர். "ஒரு செய்திக்கு ஒருத்தர் பயந்தாப் போதாதாம்மா?"