பத்துக்குப் பத்து

"'வெரி டிஸ்அக்ரீ' இல்ல ஒடிலியா, 'ஸ்ட்ராங்லி டிஸ்அக்ரீ'. இங்கிலீஷ்ல அதுதான் சேர்ந்து வரும்," என்று திருத்தினாள் மார்லீன்.

கனடாவின் வின்னிபெக் நகரில், புதிதாகக் குடியேறியவர்களுக்கான ஆங்கில வகுப்பு அது. அன்று மறுத்துப் பேசும் பாடம்.

ஒடிலியா மறுபடி ஆரம்பித்தாள்.

"எனக்குப் படிப்புல அக்கறை இல்லன்னு சொல்றதை நான் ஸ்ட்ராங்லி டிஸ்அக்ரீ பண்றேன். விடியக்காலைல ஆஸ்பத்திரித் தரையெல்லாம் துடைச்சிட்டு, ரெண்டு பஸ் மாறி வர்றேன். பனி கொட்டினா பஸ் லேட்டு, நானும் லேட்டு. ஆனா ஒருநாள்கூட வராம இருந்ததில்ல. இதுதான் என் வாதம், நான் சொல்ற கேஸ்."

"கேஸைச் 'சொல்ல' மாட்டாங்க, 'மேக்' பண்ணுவாங்க."

"சரி டீச்சர். மேக் பண்ற கேஸ்."

வகுப்பே கைதட்டியது.

"பத்துக்குப் பத்து! என்னமா கதை கட்டறீங்க! எனக்கே கண்ணு கலங்கிடுச்சு," என்றாள் மார்லீன். "ஒரே ஒரு குறை. யாரை மறுத்துப் பேசறீங்கன்னு சொல்லவே இல்லையே?"

ஒடிலியா பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

'அடிக்கடி தாமதம். படிப்பில் அக்கறை இல்லை. இனி வகுப்புக்கு வர வேண்டாம்.'

அடியில் மார்லீனின் கையெழுத்து. வெள்ளிக்கிழமை, ஆபீஸில் நீட்டிய ஏழு கடிதங்களில், பெயரைக்கூடப் பார்க்காமல் போட்டது.

"இப்ப நான் உட்காரலாமா டீச்சர், இல்ல கெளம்பணுமா?"